வீட்டுக் கணினிகள்: ஓர் ஒப்பீட்டு நோக்கு

கணினி வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று கேட்பார்கள். அது எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் வாங்கிய பின் ஐந்தாறு வருடங்கள் நம்மோடு நின்று உழைப்பதும், சில வேளை நடுவழியில் கைவிடுவதும் அந்தத் தளந்தான்.

தளம் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். கணினிக்குள் இருக்கும் முறைவழியாக்கி, அதன்மேல் இயங்கும் பணிசெயல் முறைமை, அந்த முறைமைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள், பொருத்தக்கூடிய துணைக்கருவிகள் ஆகிய யாவும் சேர்ந்ததே ஒரு தளம். வகுப்பில் இதை விளக்க ரயில் பாதையை உதாரணம் சொல்வது என் வழக்கம். கொழும்பிலிருந்து பரந்தன் ஊடாக வடக்கே ஓடும் ரயில் அகலப் பாதையில் ஓடுகிறது. களனிப் பள்ளத்தாக்குப் பாதையோ நெடுங்காலம் ஒடுங்கிய பாதையாகவே இருந்தது. ஒரு பாதைக்குச் செய்த பெட்டி எவ்வளவு புதியதாக இருந்தாலும் மற்றப் பாதையில் ஓடாது. ஒரு தளத்துக்கு எழுதிய மென்பொருளும் அப்படித்தான்.

இக்கல்லூரியின் பழைய மாணவியான நான் இப்போது பரந்தனில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். இன்றைய கணினிகளைப் பற்றி எழுதும் முன், நாற்பது வருடங்களுக்கு முந்திய மூன்று பெட்டிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லப்போகிறேன். கடையில் இன்று கிடைக்காத பொருளைப் பற்றி எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். இன்றைய மடிக்கணினிகளைப் பக்கத்துப் பக்கம் வைத்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அந்தப் பழைய பெட்டிகளிலோ ஒவ்வொரு நிறையும் குறையும் கண்ணுக்கு முன்னே நிற்கும். ஒப்பிடப் பழகுவதற்கு அவைதாம் நல்லவை.

மூன்று பெட்டிகள்

1981, 1982ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவில் வீட்டுக் கணினிப் போட்டி சூடுபிடித்திருந்தது. அந்தக் கணினிகளுக்குத் தனித் திரை பெரும்பாலும் இல்லை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். செய்நிரலைச் சேமித்து வைப்பது பாட்டுக் கேட்கும் கசற் நாடாவில். ஒரு விளையாட்டைத் தொடங்க வேண்டுமென்றால் கசற்றை ஓடவிட்டு, அது போடும் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சில நிமிடங்கள் பொறுமையாக இருக்க வேண்டும். நினைவகம் 16 அல்லது 32 அல்லது 64 கிலோபைற்று. இன்று வட்ஸ்அப்பில் வரும் ஒரு சாதாரண புகைப்படத்தையே அதற்குள் வைக்க முடியாது.

முதலாவது பெட்டி பிபிசி மைக்ரோ. பொதுமக்களுக்குக் கணினி அறிவூட்டும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தயாரிக்க விரும்பிய பிபிசி, தொடரில் காட்டுவதற்கென்று ஒரு கணினியையும் தேடியது. கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏகோர்ன் என்ற சிறு நிறுவனத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. 1981 டிசம்பரில் கணினி வெளிவந்தது. 32 கிலோபைற்று நினைவகம் கொண்ட 'பி' வகையின் விலை 335 பவுணில் தொடங்கி விரைவிலேயே 399 பவுணாக ஏறியது.

அதே கேம்பிரிட்ஜில் இருந்த கிளைவ் சின்கிளேயரும் அந்த வாய்ப்புக்குப் போட்டியிட்டவர். ஏகோர்னைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கிறிஸ் கரி முன்னர் சின்கிளேயரிடம் வேலை பார்த்தவர் என்பது இந்தக் கதைக்கு இன்னும் கொஞ்சம் காரம் சேர்க்கிறது. சின்கிளேயர் 1982 ஏப்ரலில் தமது ஸ்பெக்ட்ரம் கணினியை வெளியிட்டார். 16 கிலோபைற்று வகை 125 பவுண். 48 கிலோபைற்று வகை 175 பவுண். பிபிசி மைக்ரோவின் பாதி விலைக்கும் குறைவு. நினைவகமோ அதைவிடக் கூட.

மூன்றாவது, அமெரிக்காவின் கொமடோர் 64. 1982இன் பிற்பகுதியில் 595 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. சில்லுகளைச் செய்யும் தொழிற்சாலையே கொமடோர் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தபடியால் பின்னர் விலையைக் கடுமையாகக் குறைத்துப் போட்டியாளர்களைத் திணறடிக்க அதனால் முடிந்தது.

இவற்றில் எது நல்லது? அந்நாளைய பிள்ளைகள் பாடசாலை முற்றத்தில் இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். நாம் சண்டை பிடிக்காமல் பார்ப்போம்.

பிபிசி மைக்ரோவின் முறைவழியாக்கி 2 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதன் பேசிக் மொழி ஒழுங்கானது. பெரிய செய்நிரலைச் சிறு சிறு பகுதிகளாகப் பெயரிட்டுப் பிரித்து எழுதலாம். விசைப்பலகை தட்டச்சு இயந்திரத்துக்கு நிகரான தரம். பின்புறமும் அடிப்புறமும் நிறையத் துவாரங்கள்: அச்சுப்பொறிக்கு ஒன்று, தட்டுச் செலுத்திக்கு ஒன்று, வெப்பமானி போன்ற கருவிகளிலிருந்து அளவு எடுப்பதற்கு ஒன்று, பல கணினிகளை ஒரே வலையமைப்பில் இணைப்பதற்கு ஒன்று. பாடசாலைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பாடசாலைகள் வாங்கும்போது விலையில் பாதியைப் பிரித்தானிய அரசே கொடுத்தது. குறை நினைவகத்தில் இருந்தது. இருக்கும் 32 கிலோபைற்றில், நுணுக்கமான படங்களைக் காட்டும் முறைகளில் திரை மாத்திரம் 20 கிலோபைற்றை விழுங்கிவிடும். மிச்சத்தில்தான் செய்நிரல் ஓட வேண்டும். குடிசையில் யானையைக் கட்டிவிட்டுக் குடும்பம் நடத்துவதுபோல.

ஸ்பெக்ட்ரத்தின் பலம் அதன் விலை ஒன்றே என்று சிலர் எழுதுவார்கள். விலை என்பது சிறு பலமல்ல என்பது என் அபிப்பிராயம். ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைத்த கணினி, கிடைக்காத சிறந்த கணினியைவிட மேலானது. ஐம்பது இலட்சம் ஸ்பெக்ட்ரங்கள் விற்றன என்றால், அவற்றில் செய்நிரல் எழுதிப் பழகிய பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஆனால் குறைகளும் வெளிப்படையானவை. விசைகள் இறப்பரால் ஆனவை. விரைவாகத் தட்டச்சு செய்ய முடியாது. ஒவ்வொரு விசையிலும் நாலைந்து கட்டளைகள் அச்சிடப்பட்டிருக்கும். சத்தம் ஒரு சிறு 'பீப்' ஒலி. திரையில் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிறங்கள் மாத்திரமே ஒரே நேரத்தில் நிற்கும். ஆகவே சிவப்பு மனிதன் ஒருவன் பச்சை மரத்துக்கு அருகே நடந்துபோனால் மரமும் கொஞ்சம் சிவந்துபோகும்.

கொமடோர் 64 நேர்மாறானது. நினைவகம் 64 கிலோபைற்று. பின்னணியைக் கலைக்காமல் நகரக்கூடிய எட்டு உருவங்களை அதன் படச்சில்லு தானே கையாளும். மூன்று குரல்களில் இசைக்கும் தனி ஒலிச்சில்லு உண்டு. இவ்வளவு திறமையையும் உள்ளே வைத்துவிட்டு, அவற்றை ஆள்வதற்கு அதன் பேசிக் மொழியில் கட்டளைகள் இல்லை. ஒரு கோடு கீற, ஒரு சுரம் எழுப்ப, நினைவகத்தின் இன்ன இலக்க முகவரியில் இன்ன எண்ணைப் போடு என்றுதான் எழுத வேண்டும். பிள்ளைகள் அதில் நிறைய விளையாடினார்கள். செய்நிரல் எழுதிப் பழகியவர்கள் கூடுதலாகச் சிரமப்பட்டார்கள்.

தமிழ் எழுத்தை வைத்து ஒரு சோதனை

இதுவரை சொன்னது எந்த நாட்டு வாசகருக்கும் பொருந்தும். இனி நமக்கேயுரிய ஓர் அளவுகோலை எடுப்போம். இந்த மூன்று பெட்டிகளிலும் தமிழ் எழுத முடியுமா? இதை மாணவிகளுக்கு ஒரு பயிற்சியாகவே கொடுப்பேன்.

மூன்றிலும் ஓர் எழுத்து என்பது எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். ஒரு வரிசைக்கு ஒரு பைற்று. ஓர் எழுத்துக்கு எட்டுப் பைற்று. ஆங்கில எழுத்துகள் அதற்குள் அடக்கமாக நிற்கும். தமிழில் 247 எழுத்துகள் என்றாலும் அத்தனைக்கும் தனி வடிவம் தேவையில்லை. 'கா' என்பது ககரமும் காலும். 'கொ' என்பது கொம்பும் ககரமும் காலும். ஆகவே எண்ணிப் பார்ப்போம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் எழுத்தோடு ஒட்டியே வருவதால் ஒவ்வொன்றுக்கும் 18 வீதம் 72. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4. மொத்தம் 125 வடிவங்கள். நம் பெயர்களை எழுத ஜ, ஷ, ஸ, ஹ இல்லாமல் முடியாது. அந்த நான்குக்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம் என்று 16. அவற்றின் உகர, ஊகாரக் குறிகள் தனியே நிற்பதால் இன்னும் 2. ஆக 143.

இப்போது ஒப்பிடுங்கள். ஸ்பெக்ட்ரத்தில் பயனர் தாமாக வரைந்துகொள்ள ஒதுக்கப்பட்ட எழுத்துகள் 21. நம் அகரமேறிய மெய்யும் மூன்று கொம்பும் வைத்தால் இடம் முடிந்துவிடும்; காலுக்குக்கூட இடமில்லை. முழு எழுத்துத் தொகுதியையே வேறு இடத்துக்கு மாற்றும் குறுக்குவழி உண்டு என்றாலும் அதிலும் கிடைப்பது 96. பிபிசி மைக்ரோவில் மேலதிக நினைவகம் கேட்காமல் 32 எழுத்துகளை மாற்றலாம். அதற்கு மேல் போனால், ஏற்கெனவே போதாத நினைவகத்திலிருந்து இன்னும் வெட்டிக் கொடுக்க வேண்டும். கொமடோர் 64இலோ 256 எழுத்துகள் கொண்ட முழுத் தொகுதியையும் நாமே வரைந்து 2 கிலோபைற்றுக்குள் வைத்துவிடலாம். விளையாட்டுப் பெட்டி என்று கல்வியாளர்கள் ஒதுக்கிய கணினியே தமிழுக்கு அதிக இடம் தந்தது! சதுரத் தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டம் கீறி 'ண' என்ற எழுத்தை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். மூன்று சுழியும் மேற்கோடும் அதற்குள் எவ்வளவு நெருக்கி நிற்கின்றன என்பது விளங்கும். 'ணூ' என்றால் சொல்லவே வேண்டாம்.

எது சிறந்தது என்ற விடை கேள்வியோடு சேர்ந்து மாறுகிறது என்பதைக் காட்டவே இந்தப் பயிற்சி. விற்பனையாளரின் அளவுகோலில் தோற்றது நம் அளவுகோலில் வெல்லலாம்.

வென்றவர் யார்?

மூன்று பெட்டிகளும் தோற்றன. ஏகோர்ன் 1985இல் இத்தாலியின் ஒலிவெற்றியிடம் போனது. 1986இல் சின்கிளேயரின் கணினித் தொழிலை அம்ஸ்ற்றாட் நிறுவனம் வாங்கியது. கொமடோர் 1994இல் நொடித்துப்போனது. வென்றது ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட தனியாள் கணினி. நிறத்திலோ இசையிலோ அது கொமடோரின் அருகே நிற்காது. விலையோ மிக அதிகம். ஆனால் அதன் பாகங்கள் பெரும்பாலும் சந்தையில் எவரும் வாங்கக்கூடியவை. அதன் பணிசெயல் முறைமையை மைக்ரோசொப்ட் மற்ற நிறுவனங்களுக்கும் விற்றது. ஆகவே ஐபிஎம் போன்றே இயங்கும் கணினிகளை வேறு பலரும் செய்தார்கள். ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் தளம் அழியாது என்ற நிலை வந்தது.

இதே எண்ணத்தின் முந்திய வடிவம் ஒன்று நம் நாட்டிலேயே வேலை செய்தது. 1983இல் கொழும்பில் வாழ்ந்த விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், தம் நாவலைப் படமாக்கிய பீற்றர் ஹையம்ஸ் என்ற இயக்குநரோடு கலந்துபேச, கைப்ரோ என்ற கணினியை மோடம் மூலம் தொலைபேசிக் கம்பியில் இணைத்துக் கடிதங்களை லொஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பினார். மின்னஞ்சல் என்ற சொல்லே நம்மிடையே இல்லாத காலம். அந்தக் கைப்ரோவில் இருந்த பணிசெயல் முறைமை சீபீஎம். அது பல நிறுவனங்களின் கணினிகளில் இயங்கக்கூடியது. அதற்கு எழுதிய மென்பொருளைப் பெட்டி மாறினாலும் கைவிட வேண்டியதில்லை.

தோற்ற பெட்டிகளில் ஒன்றுக்கு மறுபிறப்பும் கிடைத்தது. 1984இல் இந்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியபோது சுமார் 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோவையே தெரிந்தெடுத்தது. அதைவிடப் பெரிய கதை, பிபிசி மைக்ரோவை உருவாக்கிய சோபி வில்சனும் ஸ்ரீவ் ஃபர்பரும் அடுத்ததாக வடிவமைத்த சில்லு. 1985 ஏப்ரலில் அது முதன்முதலாக இயங்கியது. ஏஆர்எம் என்பது அதன் பெயர். மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவது அதன் சிறப்பு. இன்று நம் வீடுகளில் உள்ள கைபேசிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த வழியில் வந்த சில்லுகளே இருக்கின்றன. பெட்டி மறைந்தது, அதன் வம்சம் நம் கையில் இருக்கிறது. சோபி வில்சன் ஒரு பெண் என்பதை மாணவிகள் கவனிக்கவும்.

எழுத்துருக்களின் குழப்பம்

தமிழ் பேசுவோர் வீட்டுக் கணினியில் தமிழைத் தேடியபோது போட்டி வேறு வடிவம் எடுத்தது. 1984இல் வந்த அப்பிள் மக்கின்ரோஷ், எழுத்தையும் படமாகவே திரையில் வரைந்தது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தின் சிறை அதில் இல்லை. ஒடுங்கிய எழுத்தும் அகன்ற எழுத்தும் தத்தம் அகலத்தில் நிற்கலாம். தமிழ் எழுத்துரு செய்ய இது பெரும் வசதி. ஐபிஎம் வகைக் கணினிகளில் தமிழைக் காட்டத் தனி மென்பொருள்களே எழுத வேண்டியிருந்தது. கனடாவில் ஸ்ரீநிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளையும் உருவாக்கினார்கள். பின்னர் சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். இவர்கள் எவரும் பெரிய நிறுவனங்கள் அல்லர். தங்கள் மொழி தங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்று நினைத்த தனி மனிதர்கள்.

ஆனால் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக எழுத்துகளை அடுக்கியிருந்தது. இலங்கையில் பெருவழக்கான பாமினியை எடுத்துக்கொள்வோம். பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் கணினிக்குள் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கிலக் கோலம்தான் தெரியும். பழைய மலர்களின் கோப்புகள் சிலவற்றை இன்று திறக்கும்போது இதைக் காணலாம். எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோட்டில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அது சாதாரண வீட்டுக் கணினிக்கு வர விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்பிள் கணினிகளுக்கு 2005இல் வந்தது. ஆரம்பகால அன்ட்ரொயிட் கைபேசிகளில் தமிழ் வெறும் பெட்டி பெட்டியாகத் தெரிந்ததை உங்கள் மூத்த சகோதரிகள் சொல்வார்கள். இன்று எல்லாத் தளங்களிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. ஆகவே தமிழ் என்ற அளவுகோலில் இப்போது பெரிய வேறுபாடு இல்லை. விசைப்பலகை எதுவென்பதுதான் பழக்கத்தைப் பொறுத்தது.

பரந்தனில் நின்று பார்த்தால்

காலபோக அறுவடை முடிந்த மாதங்களில் என்னிடம் இந்தக் கேள்வியோடு பெற்றோர் வருவதுண்டு. ஒரு தாயார் கேட்டார்: "மிஸ், நெல்லு வித்த காசு கொஞ்சம் கையில கிடக்கு. இது செலவழிஞ்சு போக முந்திப் பிள்ளைக்கு ஒரு கொம்பியூட்டர் எடுத்துக் குடுக்க வேணும். எதை வாங்கிறது?" அவருக்கு அது ஒரு போகத்தின் உழைப்பு. தவறான பெட்டியை வாங்கினால் அடுத்த கணினிக்கு இன்னும் எத்தனை போகம் காத்திருக்க வேண்டும் என்பதை யோசித்தே பதில் சொல்ல வேண்டும். 2022இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறிய பிறகு, இறக்குமதிப் பொருளான கணினி நம்மைப் போன்றவர்களிடமிருந்து இன்னும் தூரம் போய்விட்டது.

"அம்மா, வீட்டில கரண்ட் எப்படி?" என்பதே என் முதற் கேள்வி. போர்க்காலத்தில் வன்னியில் கம்பி மின்சாரமே இருக்கவில்லை. பற்றரிக்கும் தடை இருந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதாக இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது மின்சாரம் உண்டு. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. மழைக்கால இடி மின்னலுக்கும் குறைவில்லை. மேசைக்கணினியும் திரையும் சேர்ந்தால் 100 வாற்று அல்லது அதற்கு மேல் கேட்கும். மின் போனால் அந்தக் கணமே அணைந்து, சேமிக்காத வேலையும் போய்விடும். மடிக்கணினி அதில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கும். தன் பற்றரியில் தொடர்ந்து ஓடும். மேசைக்கணினிக்கு விலை குறைவு, திருத்துவது சுலபம், பழுதான பாகத்தைத் தனியே மாற்றலாம் என்ற நிறைகள் இருந்தாலும், நம் பக்கத்துக்கு நான் மடிக்கணினியையே சொல்வேன். சோளகக் காற்று வீசும் மாதங்களில் புழுதி எங்கும் நுழையும். பாவிக்காதபோது துணியால் மூடி வைப்பது எந்தத் தளத்துக்கும் பொது.

இனித் தளம். விண்டோஸின் நிறை, எல்லோரிடமும் அது இருப்பது. பாடசாலையிலும் அதுவே, பக்கத்து வீட்டிலும் அதுவே. சந்தியிலுள்ள கடைக்காரருக்கும் அதைத் திருத்தத் தெரியும். குறை, அது காலத்துக்குக் காலம் புதிய வன்பொருளைக் கேட்பது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு ஒரு பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பு வேண்டும். பொதுவாக இன்ரெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய முறைவழியாக்கிகள் அதன் பட்டியலில் இல்லை. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பாவித்த மடிக்கணினிகள் நம் கடைகளுக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்கும் முன் எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள்.

அப்படியான பழைய கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். லினக்ஸ் என்ற இலவசப் பணிசெயல் முறைமையைப் போட்டால் இன்னும் சில வருடங்கள் நன்றாக ஓடும். லினக்ஸ் மின்ற், உபுண்டு போன்ற வடிவங்களில் தமிழும் எழுதலாம். லிப்ரே ஒபிஸில் கட்டுரை, அட்டவணை, முன்வைப்பு எல்லாம் செய்யலாம். உயர்தரப் பாடத்திலுள்ள பைதன் மொழியைப் பழக லினக்ஸ் மிக வசதியானது. சங்கடம் இதுதான்: மைக்ரோசொப்ட் வேர்ட்டில் செய்த கோப்பின் ஒழுங்கு சிலவேளை கொஞ்சம் மாறித் தெரியும், பிரச்சினை வந்தால் பரந்தனில் உதவி கேட்க ஆள் தேட வேண்டும். கற்கும் ஆர்வமுள்ள மாணவிக்கு இது வரம். அவசரத்துக்கு ஓர் ஒப்படை அடிக்க வேண்டும் என்பவருக்கு அல்ல.

அப்பிள் மக் கணினிகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தரம் உயர்ந்தது, பற்றரி நீண்ட நேரம் நிற்கும், இப்போது அவற்றிலும் நான் முன்னே சொன்ன ஏஆர்எம் வழிச் சில்லே இருக்கிறது. ஆனால் பழுதானால் பரந்தனில் திருத்தும் கடையை நான் கண்டதில்லை. குரோம்புக் மலிவானதுதான், ஆயினும் இணையம் இல்லாத வேளையில் அதன் பாதிப் பலம் போய்விடுகிறது. தரவுப் பொதியை எண்ணி எண்ணிப் பாவிக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது.

கைபேசி போதாதா என்று தந்தைமார் கேட்பார்கள். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் பிள்ளைகளில் பலருக்குக் கைபேசியே வகுப்பறையானது உண்மைதான். ஒரு வீட்டில் ஒரு கைபேசி, மூன்று பிள்ளைகள் என்ற நிலையில் யார் வகுப்பைக் கேட்பது என்ற போட்டியில் பெண்பிள்ளை விட்டுக்கொடுத்ததை நான் பல வீடுகளில் கண்டேன். பார்க்கவும் கேட்கவும் கைபேசி நல்லது. நீண்ட கட்டுரை எழுதவும், அட்டவணை தயாரிக்கவும், செய்நிரல் எழுதிப் பிழை திருத்தவும் விசைப்பலகையும் அகன்ற திரையும் வேண்டும். தகப்பன் வயலுக்குப் போகும்போது சட்டைப்பையில் போகாத ஒரு கருவியும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. பிபிசி மைக்ரோவின் நினைவில் 2012இல் கேம்பிரிட்ஜிலேயே வெளிவந்த றாஸ்பெரி பை என்ற சிறு கணினி. அதன் வகைகளுக்கு 'ஏ', 'பி' என்று பெயரிட்டதுகூட அந்தப் பழைய பெட்டியைப் பார்த்துத்தான். முதல் 'பி' வகையின் விலை 35 டொலர். 2020இல் வந்த 400ஆம் வகை விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியையும் அடக்கியது. 1982இன் ஸ்பெக்ட்ரம் போலவே வீட்டுத் தொலைக்காட்சியில் செருகி வேலை செய்யலாம். கணினி தனியே எடுப்பது 10 வாற்றுக்கும் குறைவு; சூரியகலமும் சிறு பற்றரியும் உள்ள வீட்டுக்குத் தாங்கும். ஆனால் மின்வெட்டில் தொலைக்காட்சி அணைந்துவிடும் என்பதையும், அதன் சேமிப்பான சிறு நினைவக அட்டை திடீர் மின்தடையில் பழுதாகக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரே கணினியாக அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை. பாடசாலை விஞ்ஞான மன்றம் ஒன்று சேர்ந்து இரண்டு வாங்கினால், மழைமானி, மண் ஈரமானி என்று இணைத்துப் பார்க்கலாம்.

பாவித்த மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் பிள்ளையையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பற்றரி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நினைவகம் 8 கிகாபைற்று, சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்பதை உறுதிப்படுத்துங்கள். விசைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை வாய்ச்சொல்லாக அன்றிப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறகு பிள்ளை தன் முழுப் பெயரையும் தமிழில் அடித்துப் பார்க்கட்டும்.